ஹராஜுகுவில் துணி எடுக்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி–பதில்

டோக்கியோவில் இளவட்டங்கள் துணிமணி வாங்கக் கூடும் பேட்டை ஹராஜுகு. அங்கே கடை ஏறி இறங்கப் போகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அங்கே வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது அநேகமாக நடக்காது. அதனால் கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி, பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் விலைச்சீட்டையும் துணியையும் எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றித்தான்.

கே: எங்களுக்கு அரைநாள்தான் இருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?
— சுற்றுலா செல்லும் தோழிகள் மூவர்

ஜே.ஆர். யமானோதே ரயிலில் ஹராஜுகு, ஷின்ஜுகுவிலிருந்து இரண்டாவது நிறுத்தம். ஷிபுயாவிலிருந்து அடுத்த நிறுத்தமே. நிலையத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் உண்டு. தகேஷிதா வாசல் வடக்குக் கோடியில் இருக்கிறது. ஷின்ஜுகுவிலிருந்து வந்தால் ரயிலின் கடைசிப் பெட்டிகளில் ஏறுங்கள், ஷிபுயாவிலிருந்து வந்தால் முன்பெட்டிகளில் ஏறுங்கள். இறங்கியதும் வாசல் பக்கத்திலேயே இருக்கும்.

சாலையைக் கடந்தால் எதிரே தகேஷிதா தெரு. நீளம் சுமார் 350 மீட்டர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் தேர்க்கூட்டம் போல நெரியும். தினமும் காலை 11 முதல் மாலை 6 வரை அங்கே வண்டிகள் வராது. வாரநாளில் பத்தரை மணிக்குப் போய்விட்டால் கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்போது நிதானமாகப் பார்க்கலாம். மதியத்துக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

தெருவின் மறுமுனையில் மெய்ஜி தோரி என்ற பெரிய சாலை. அதில் வலது பக்கம் திரும்பி நடந்தால் ஜிங்குமாஏ நாற்சந்தி வரும். 1978-இல் திறந்த லாஃபோரே என்ற துணிக்கடை வளாகம் அந்த முக்கில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஸெல்கோவா மரங்கள் நிழல் தரும் ஒமொதெசாந்தோ சாலையில் இடது பக்கம் மேடேறி நடந்தால், கொஞ்ச தூரத்தில் கேட் ஸ்ட்ரீட் குறுக்கே போகும். வலது கைப் பக்கம் திரும்பி அதிலேயே நடந்தால் சுமார் இருபது நிமிடத்தில் ஷிபுயாவுக்கே போய்ச் சேரலாம். கேட் ஸ்ட்ரீட் பாம்பு போல வளைந்து வளைந்து போவதற்குக் காரணம், அது மூடப்பட்ட ஷிபுயா ஆற்றின் மேல் போட்ட வழி என்பதுதான். ஒமொதெசாந்தோவுக்கு வடபுறச் சந்துகள் 'உரா ஹராஜுகு', அதாவது பின்புற ஹராஜுகு. தெருப்பாணி உடைகளின் சின்னச் சின்னக் கடைகள் அங்கே இருக்கின்றன.

தகேஷிதா தெருவுக்கு முக்கால் மணி நேரம் போதும். சாக்ஸ், கிளிப், கைப்பை, விளையாட்டுச் சாமான் அங்கே வாங்கலாம். நல்ல துணிக்காக வருகிறவர்கள் லாஃபோரேவிலும் அதற்குப் பின்னால் உள்ள சந்துகளிலும் நேரம் செலவழிப்பதே சரி. தகேஷிதாவைப் பார்த்துவிட்டு ஹராஜுகுவைப் பார்த்துவிட்டோம் என்று ரயில் ஏறிவிடுகிறார்கள் பலர். அது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கே: எல் சைஸ் என்று எழுதியிருந்ததை எடுத்தேன். தோள்பட்டையில் பிடித்துக்கொண்டது. ஜப்பான் அளவை எப்படிப் புரிந்துகொள்வது?
— கல்லூரி மாணவி

எழுத்தை விட்டுவிடுங்கள், சென்டிமீட்டரைப் பாருங்கள். ஜப்பான் கடைகளில், குறிப்பாகப் பழைய துணிக் கடைகளில், விலைச்சீட்டிலேயே நான்கு அளவுகள் எழுதியிருப்பது வழக்கம். 'கிதாகே' என்பது கழுத்தடியிலிருந்து கீழ் ஓரம் வரை நீளம். 'மிஹாபா' என்பது துணியைத் தட்டையாக விரித்து ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை எடுத்த அகலம். 'கதஹாபா' தோள்பட்டை அகலம். 'சொதேதாகே' தோள் தையலிலிருந்து மணிக்கட்டு வரை கைநீளம். தோள் தையலே இல்லாத ராக்லன் கை என்றால் 'யுகிதாகே' என்று போட்டிருப்பார்கள். அது பின்கழுத்து நடுவிலிருந்து மணிக்கட்டு வரை. இதையும் கைநீளத்தையும் ஒன்றாக நினைத்துக்கொண்டால் இருபது சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும்.

இதில் அதிகம் ஏமாறுவது மிஹாபாவில். அது பாதி அளவு. 48 என்று இருந்தால் துணியின் சுற்றளவு 96. உங்கள் மார்புச் சுற்றளவு 92 என்றால் மிச்சம் 4 சென்டிமீட்டர்தான். இழுவை இல்லாத பருத்திச் சட்டைக்கு 6 முதல் 10 சென்டிமீட்டராவது தளர்ச்சி வேண்டும். இல்லாவிட்டால் கையை முன்னே நீட்டும்போது பட்டன் இடைவெளி திறந்துகொள்ளும். ஆக நீங்கள் தேட வேண்டியது 49-லிருந்து 51 வரை. பனியன் துணியாக இருந்தால் 46-கூடப் போதும்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஒரு சட்டையையும் ஒரு பேன்ட்டையும் கட்டிலில் தட்டையாக விரித்து, மேலே சொன்ன அளவுகளை எடுத்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். பேன்ட்டுக்கு இடுப்பு, தொடை அகலம், 'மதகாமி' (இடுப்புப் பட்டையிலிருந்து கவட்டை வரை), 'மதஷிதா' (கவட்டையிலிருந்து பாதம் வரை) ஆகிய நான்கும் வேண்டும். கூடவே ஒரு சின்ன இன்ச் டேப். இவ்வளவு இருந்தால் டிரையல் ரூமுக்குப் போகாமலே பத்தில் எட்டைத் தள்ளிவிடலாம்.

பெண்கள் உடையில் 7, 9, 11, 13 என்று எண்கள் வரும். ஜப்பான் தர நிர்ணயப்படி 9 என்பது மார்பு 83, இடைக்குக் கீழே (ஹிப்) சுற்றளவு 91 சென்டிமீட்டர், உயரம் 158 உள்ள உடலுக்கு; 11 என்றால் மார்பு 86; 13 என்றால் 89. இவை உடல் அளவுகள், துணி அளவுகள் அல்ல. 'ஃப்ரீ சைஸ்' என்றால் எல்லோருக்கும் பொருந்தும் என்று அர்த்தமில்லை. ஒரே அளவில்தான் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதுவும் பெரும்பாலும் 9-ஐ ஒட்டியே இருக்கும்.

கே: போட்டுப் பார்க்க விடுவார்களா? ஏதோ முகமூடி கொடுப்பார்கள் என்கிறார்களே?
— இல்லத்தரசி

விடுவார்கள், ஆனால் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். துணியைக் கையில் வைத்துக்கொண்டு "ஷிச்சாகு தெகிமாஸ் கா?" என்றால் போதும். எத்தனை உருப்படி என்று எண்ணிக்கொண்டு அழைத்துப் போவார்கள். டிரையல் ரூமின் தரை உயர்த்தியிருந்தால் செருப்பை வெளியே கழற்ற வேண்டும். ஒரு நாளில் பத்து தடவை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். லேஸ் கட்டும் ஷூ வேண்டாம். ஓட்டையில்லாத சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

முகமூடி என்பது மெல்லிய வெள்ளைத் துணியில் தைத்த ஒரு பை. அதைத் தலைவழியாக முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு, அதன் மேல் சட்டையை இறக்க வேண்டும். உதட்டுச் சாயமும் பவுடரும் காலரில் ஒட்டாமல் இருக்கத்தான் அது. நெற்றிப் பொட்டும் குங்குமமும் வைத்திருப்பவர்கள் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். காதில் ஜிமிக்கி, வளையம் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், பின்னலாடையில் சிக்கினால் நூல் இழுபட்டுவிடும். வெள்ளை டி-ஷர்ட், பின்னலாடை, விலைகுறைந்த சாமான்களைச் சில கடைகளில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். அங்கேதான் இன்ச் டேப் கைகொடுக்கும்.

கே: பழைய துணி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
— வடிவமைப்பு படிக்கும் மாணவர்

தாராளமாக. ஜப்பானில் பழைய துணிக்கு 'ஃபுருகி' என்று பெயர். கின்ஜி, சிகாகோ மாதிரி பெரிய கடைகளில் வகைவாரியாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பெயர்பெற்ற வடிவமைப்பாளர்களின் உடைகள் வேண்டுமென்றால் ராக்டேக் மாதிரிக் கடைகள். துவைத்து, இஸ்திரி போட்டுத்தான் வைப்பார்கள். குறை இருந்தால் பெரும்பாலும் விலைச்சீட்டிலேயே எழுதிவிடுகிறார்கள். போன் கேமராவை அந்தச் சீட்டின் மேல் காட்டி மொழிபெயர்த்துப் பாருங்கள். வாய்விட்டுச் சொன்னால் 'ஷிமி' என்பது கறை, 'ஹொத்சுரே' என்பது தையலோ நூலோ பிரிந்தது, 'அனா' ஓட்டை, 'நான் ஆரி' என்றால் ஏதோ குறை உண்டு என்று பொருள்.

எழுதாத குறையை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடைக்குள் மஞ்சள் விளக்கு எரியும். அதில் வேர்வைக் கறை தெரியாது. துணியை வாசல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டு, அக்குள், காலரின் உள்பக்கம், கைமுனை, கவட்டை என்ற நான்கு இடங்களையும் திருப்பிப் பாருங்கள். ஜிப்பை முழுக்க ஒரு தடவை மேலும் கீழும் இழுங்கள். பட்டன்களை எண்ணுங்கள். கம்பளிப் பின்னல் என்றால் உள்ளே கையை விட்டு வெளிச்சத்துக்கு எதிரே விரியுங்கள். பூச்சி அரித்த ஊசித்துளை அப்போதுதான் தெரியும். அந்தத் துளை சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள், இரண்டு துவைப்பில் விரல் நுழையும் அளவுக்கு ஆகிவிடும்.

இரண்டு பொருள்களில் மிகவும் கவனம் தேவை. ஒன்று, செயற்கைத் தோல் ஜாக்கெட், பை. மேலே பூசியிருப்பது பாலியூரித்தேன். அது காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வாங்கித் தானாகவே சிதையும். போட்டாலும் போடாவிட்டாலும், செய்த நாளிலிருந்து அதன் ஆயுள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மடிப்பு விழும் முழங்கை, காலர் ஓரத்தை நகத்தால் லேசாக அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ செதில் போல உதிர்ந்தாலோ வைத்துவிடுங்கள், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. இரண்டு, பழைய ஸ்னீக்கர். அடிப்பாகத்தின் நடு அடுக்கு பாலியூரித்தேனாக இருந்தால் பெட்டி திறக்காத புத்தம்புது ஜோடிகூட முதல் நடையிலேயே பிஸ்கட் மாதிரி நொறுங்கும். பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெதுவாக மீண்டு வந்தால் பரவாயில்லை, அழுத்திய இடம் விரிசல் விட்டால் அது காட்சிக்கு மட்டுமே ஆகும்.

பழைய கிமோனோவும், கோடையில் போடும் மெல்லிய கிமோனோவான யுகாதாவும் சில கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பருத்தி யுகாதாவைத் தண்ணீரில் அலசலாம். பட்டுக் கிமோனோவை நனைத்தால் சுருங்கிவிடும். இடுப்புப்பட்டியான 'ஒபி' தனியாக வாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: பாஸ்போர்ட் காட்டினால் வரி இல்லை என்கிறார்கள். ஒரு கடையில் கொடுத்தார்கள், அடுத்த கடையில் மறுத்துவிட்டார்கள். ஏன்?
— அலுவலகப் பணியாளர்

இரண்டு காரணம் இருக்கலாம். எல்லாக் கடைகளுக்கும் அந்த உரிமம் கிடையாது. உரிமம் இருந்தாலும், ஒரே கடையில் ஒரே நாளில் வரி சேர்க்காத விலை 5,000 யென்னை எட்ட வேண்டும். ஜப்பானில் நுகர்வு வரி 10 சதவீதம். சாப்பாட்டுப் பொருளைக் கட்டிக்கொண்டு போனால் 8. வரி சேர்த்த மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆக உங்கள் கண்ணில் முதலில் படும் எண் பெரும்பாலும் 'ஸெய்கோமி', அதாவது வரியோடு சேர்ந்த விலை. 5,490 யென் என்று போட்ட ஸ்வெட்டர் 5,000-ஐத் தாண்டிவிட்டது என்று தோன்றும். ஆனால் 1.1-ஆல் வகுத்தால் 4,990 சொச்சம். பத்து யென்னுக்கும் குறைவாக விழுந்து சலுகை போய்விட்டது! 5,500 யென்னாவது ஆகிறதா என்று பாருங்கள். போதாவிட்டால் அதே கடையில் ஒரு ஜோடி சாக்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய வணிக வளாகத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தனித்தனிக் கடை. வளாகத்துக்குப் பொதுவாக ஒரு வரிவிலக்கு கவுன்டர் இருந்தால் மட்டும் பில்களைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். கவுன்டர் அதற்குக் கட்டணமும் பிடித்துக்கொள்ளலாம். ஜெராக்ஸ், போனில் உள்ள படம் எதுவும் செல்லாது, அசல் பாஸ்போர்ட் வேண்டும். வாங்குகிறவர் நேரில் நிற்க வேண்டும், கார்டும் அவர் பெயரில் இருப்பது நல்லது.

இந்த முறை 2026 நவம்பர் 1-ஆம் தேதி மாறுகிறது. அதற்கு முன்பு வாங்கினால் கடையிலேயே வரியைக் கழித்துவிடுவார்கள். ஒப்பனைப் பொருள், தின்பண்டம் போன்றவற்றை ஒட்டிய பையில் போட்டுத் தருவார்கள். ஜப்பானை விட்டுக் கிளம்பும் வரை அந்தப் பையைப் பிரிக்கக் கூடாது. அந்தத் தேதிக்குப் பிறகு வரியோடு முழுப் பணமும் கட்ட வேண்டும். வாங்கிய 90 நாளுக்குள் விமான நிலையத்தில் சுங்கத்துறை சரிபார்த்த பிறகு வரி திரும்ப வரும். ஒட்டிய பை தொல்லை அப்போது இருக்காது. ஆனால் பெட்டியை செக்-இன் செய்வதற்கு முன்பே சுங்கச் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். பொருளைக் காட்டச் சொன்னால், அது விமானத்தின் வயிற்றுக்குள் போயிருக்கக் கூடாது.

கே: பேரம் பேசலாமா?
— பெயர் எழுதாதவர்

கூடாது. எழுதிய விலைதான்.

கே: அறைக்கு வந்து பார்த்தால் பிடிக்கவில்லை. பில் இருக்கிறது. மாற்றித் தருவார்களா?
— கல்லூரி விரிவுரையாளர்

துணியில் குறை இருந்து, அது சீட்டில் எழுதப்படாமலும் இருந்தால், பில்லோடும் அறுக்காத விலைச்சீட்டோடும் போய்க் கேளுங்கள். பிடிக்கவில்லை, நிறம் ஒத்துவரவில்லை, சிறிதாக இருக்கிறது என்பவை அங்கே காரணங்கள் அல்ல. கடைக்கு நேரில் போய் வாங்கியதைத் திருப்பித் தர ஜப்பானியச் சட்டம் வாங்குகிறவருக்கு உரிமை எதுவும் தரவில்லை, கடையின் விருப்பம்தான். வரிவிலக்கில் வாங்கியது என்றால் அந்தக் கணக்கையும் ரத்து செய்ய வேண்டும், பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். பில் போடும்போது ஊழியர் ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்லி, நீங்கள் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தால், அவசரப்பட்டு 'ஹாய்' (ஆமாம்) என்று சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் அவர் "இங்கே ஒரு கறை இருக்கிறது, சம்மதம்தானா?" என்றுதான் கேட்கிறார்.

கே: கார்டு மட்டும் எடுத்துப் போனால் போதுமா?
— முதல் முறை போகும் தம்பதி

லாஃபோரே, பெரிய பழைய துணிக் கடைகள் எல்லாவற்றிலும் கார்டு ஓடும். சந்துக்குள் உள்ள ஓராள் கடை, தின்பண்ட வண்டி, காசு போட்டால் குடுவைக்குள் சின்னப் பொம்மை தரும் 'கச்சா' இயந்திரம் இவற்றுக்கு ரொக்கம் வேண்டும். ஒருவருக்கு 10,000 யென் நோட்டாகவும் நூறு யென் காசு பத்துப் பதினைந்தும் கையில் இருந்தால் தவிப்பு இருக்காது. 2024 ஜூலையில் புது நோட்டுகள் வந்தன. பழைய சில இயந்திரங்கள் அவற்றை ஏற்காமல் துப்பிவிடும். அப்போது கல்லாவில் மாற்றிக் கேளுங்கள்.

சுய்கா கார்டு ரயிலுக்கு மட்டுமல்ல, கடைக்கும் ஆகும். ஆனால் அதில் 20,000 யென்னுக்கு மேல் ஏற்ற முடியாது. பெரிய பில்லுக்கு அதை நம்பாதீர்கள். கார்டு இயந்திரத்தில் யென்னா, உங்கள் ஊர்ப் பணமா என்று கேட்டால் யென்னையே அழுத்துங்கள், மற்றதில் மாற்று விகிதம் எப்போதும் மோசம். பணத்தை ஊழியரின் கையில் நீட்டாமல் கல்லாவில் உள்ள சின்னத் தட்டில் வையுங்கள். பைக்குக் காசு கேட்பார்கள். பிளாஸ்டிக் பைக்கு 2020 ஜூலை முதல் கட்டணம் கட்டாயம். பல கடைகள் காகிதப் பைக்கும் வாங்குகின்றன. மடித்து வைக்கும் துணிப்பை ஒன்று போதும்.

கே: தகேஷிதா தெருவில் ஒருவர் கூப்பிட்டு, மாடியில் உள்ள கடைக்கு வரச் சொன்னார். போகலாமா?
— கல்லூரி மாணவர்

போகாதீர்கள். நல்ல கடைக்குத் தெருவில் ஆள் நிறுத்திக் கூப்பிட வேண்டிய தேவை இல்லை. விலைச்சீட்டே இல்லாத, பெரிய பிராண்டின் முத்திரை மட்டும் பளபளக்கும் சரக்கை உள்ளே காட்டி, வாங்காமல் வெளியே விடத் தயங்குகிற இடங்கள் உண்டு. உங்கள் கையைப் பிடித்துக் குலுக்குவதில்தான் அது தொடங்கும். கையைக் கொடுக்காமல், "கெக்கோ தெஸ்" (வேண்டாம்) என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ளே போய்விட்டால், பாஸ்போர்ட்டையும் கார்டையும் வெளியே எடுக்காமலே படியிறங்குங்கள்.

கே: லோலிதா உடை ஒரு முழு செட் வாங்க ஆசை. எத்தனை உருப்படி, எவ்வளவு ஆகும்? பழையது வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?
— தையல் தெரிந்த வாசகி

லோலிதா என்பது லேஸும் விரிந்த பாவாடையுமாகப் பொம்மை போலத் தோன்றும் உடைப் பாணி. உள்ளே கழுத்து மூடிய பிளவுஸ். அதன் மேல் கையில்லாத ஜம்பர் ஸ்கர்ட், அல்லது கையோடு சேர்ந்த ஒன்-பீஸ். பாவாடையை மணி போல நிறுத்த அடியில் 'பானியே'. முழங்காலுக்கு மேல் வரும் சாக்ஸ். தலைக்கு ரிப்பன் முடிச்சு அல்லது தலைப்பட்டி. உருண்டை முனை ஷூ. ஆக ஆறு உருப்படி. பெயர்பெற்ற நிறுவனங்களின் ஜம்பர் ஸ்கர்ட் மட்டும் புதிதாக 30,000 யென்னும் அதற்கு மேலும் ஆகும். அதனால் ஸ்கர்ட்டைப் பழையதாகவும், பிளவுஸையும் பானியேவையும் புதிதாகவும் வாங்குவதே எங்கள் யோசனை. பானியே பழையதாக இருந்தால் அடுக்குத் துணி துவண்டு போயிருக்கும்; அது துவண்டால் 40,000 யென் ஸ்கர்ட்கூடத் தொய்ந்து தொங்கும்.

பழைய ஸ்கர்ட்டில் முதலில் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். வரிவரியாக எலாஸ்டிக் ஓட்டிச் சுருக்கிய பகுதிக்கு 'ஷாரிங்' என்று பெயர். அது இருந்தால் சீட்டில் மார்பு 88–100 என்பது போல இரண்டு எண் இருக்கும். இரண்டு கையாலும் மெதுவாக இழுத்து விடுங்கள்; தொளதொளவென்று மீளாமல் நின்றாலோ, உள்ளே கரகரவென்று ஒடிகிற சத்தம் கேட்டாலோ எலாஸ்டிக் செத்துவிட்டது. உங்களுக்குத் தையல் தெரியும் என்பதால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு வரியையும் பிரித்துக் கோர்க்க ஒரு முழுநாள் ஆகும். அதை விலையில் யோசித்துப் பாருங்கள். ஷாரிங் இல்லாத மாதிரி என்றால் சீட்டில் உள்ள எண்ணுக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே உங்கள் மார்பளவு இருப்பது நல்லது, பிளவுஸின் கனமும் உள்ளே வருகிறதே.

அடுத்து, இடுப்பின் இரு பக்கமும் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றி மாட்டும் நாடா அங்கே வர வேண்டும். நாடா இல்லாமல் பட்டன் மட்டும் இருந்தால் செட் முழுமையில்லை. சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த அச்சுத் துணியில் சாயம் இறங்கி வெள்ளைப் பகுதி இளஞ்சிவப்பாகியிருக்கிறதா என்று லைனிங் ஓரத்தில் பாருங்கள். பெட்டியில் இடம் இல்லையே என்று பானியேவைப் பற்றிக் கவலை வேண்டாம். தட்டையாகப் பிடித்து முறுக்கி வளையமாகச் சுற்றி நாடாவால் கட்டினால் ஒரு தட்டு அளவுக்குள் வந்துவிடும்.

கே: ஷூ அளவு?
— நடைப்பயிற்சி செய்பவர்

பாதத்தின் நீளமே அளவு. மாலை நேரத்தில், நின்றபடி, சுவரில் குதிகாலை ஒட்டி, மிக நீண்ட விரல் வரை இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். 24.0 என்றால் 24.0 சென்டிமீட்டர் பாதத்துக்கானது. அகலத்துக்கு E, 2E, 3E என்று ஏறும். பெண்கள் ஷூ 25-க்கு மேல் கடைகளில் அரிது; பாதம் பெரியவர்கள் ஆண்கள் பகுதியில் தேடுங்கள். வெளிநாட்டு ஸ்னீக்கர் பெட்டியில் உள்ள சென்டிமீட்டர் இப்படித் துல்லியமாக இருக்காது, போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

கே: புது வெளியீடு வரும் நாளில் உரா ஹராஜுகுவில் விடிகாலையிலேயே போய் நின்றால் கிடைக்குமா?
— ஸ்னீக்கர் பிரியர்

பல கடைகளில் முந்தி வந்தவருக்கு முதலிடம் என்ற முறையே இல்லை. 'ச்சூசென்' என்று சீட்டுக் குலுக்கல் நடக்கும், அல்லது 'செய்ரிகென்' என்ற எண் சீட்டு கொடுத்து நேரம் ஒதுக்குவார்கள். முன்கூட்டியே கடையின் சமூக ஊடகப் பக்கத்தில் விவரம் வரும். குறித்த நேரத்துக்கு முன்னால் கூடுபவர்களைக் கலைத்துவிடுவதும் உண்டு. வரிசை இருந்தால் ஒரு ஊழியர் பலகை பிடித்துக்கொண்டு நிற்பார், அதுதான் வால்முனை. "சைகோபி வா தொகோ தெஸ் கா?" என்று கேட்டு அங்கே போய் நில்லுங்கள். நண்பருக்கு இடம் பிடித்து வைப்பதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலும் ஒருவருக்கு ஒன்றுதான்.

கே: பத்து வயதுப் பெண்ணோடு போகிறேன். அவளுக்கு எது பிடிக்கும்?
— ஒரு தாய்

ஒமொதெசாந்தோவில் உள்ள கிடி லேண்ட் பொம்மைக் கடை, தகேஷிதாவில் உள்ள மலிவு விலைக் கடையான தைஸோ. தைஸோவில் பெரும்பாலான சாமான் வரியோடு 110 யென். விலை வேறாக இருந்தால் பொருளிலேயே எழுதியிருக்கும். கச்சா இயந்திரங்களில் இப்போது 300, 400, 500 யென் சாதாரணம். நூறு யென் காசுதான் போட வேண்டும், பக்கத்திலேயே சில்லறை மாற்றும் இயந்திரம் இருக்கும். எது வரும் என்று தெரியாது என்பதையும், மாற்றித் தர மாட்டார்கள் என்பதையும் குழந்தையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலிக் குடுவையைப் போட அங்கேயே பெட்டி வைத்திருப்பார்கள்.

க்ரீம் வைத்துச் சுற்றிய மெல்லிய தோசை போன்ற கிரேப் வாங்கினால் கடை ஓரத்திலேயே நின்று சாப்பிட்டு முடித்து, காகிதத்தை அந்தக் கடைத் தொட்டியிலேயே போடுங்கள். தெருவில் குப்பைத்தொட்டி தேடினால் கிடைக்காது. க்ரீம் கையோடு துணிக்கடைக்குள் நுழையவும் விடமாட்டார்கள். மாவில் முட்டை உண்டு, முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்கவும். கழிவறைக்கு லாஃபோரே அல்லது எதிரே உள்ள தோக்யு பிளாசா 'ஒமொகாதோ' வளாகம். அதன் ஆறாம் மாடியில் மரங்களோடு திறந்தவெளி இருக்கிறது, சோர்ந்த குழந்தையை உட்கார வைக்க நல்ல இடம்.

கே: தலைமுடி நேராக்கும் கருவி அங்கே மலிவு என்கிறார்கள். வாங்கலாமா?
— பெயர் எழுதாதவர்

பெட்டியில் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் வேண்டாம். 220–240 வோல்ட் உள்ள நாட்டில் சொருகினால் கருகிவிடும். 100–240 என்று அச்சிட்டிருந்தால் வாங்கலாம்.

கே: படங்களில் பார்த்த வண்ணமயமான ஹராஜுகு இளைஞர்களைத் தெருவில் காணவில்லையே?
— ஏமாற்றத்தோடு திரும்பிய வாசகர்

நீங்கள் பார்த்த படங்கள் பெரும்பாலும் 1990-களின் இறுதியைச் சேர்ந்தவை. அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒமொதெசாந்தோவில் வண்டிகளை நிறுத்தி, நடப்பவர்களுக்கு விட்டிருந்தார்கள்; அங்கேதான் எல்லோரும் கூடினார்கள். 1998-இல் அது நின்றது. ஷோய்ச்சி அயோகி 1997-இல் தொடங்கிய, தெருப் பாணியைப் படமெடுத்த 'ஃப்ரூட்ஸ்' மாத இதழும் 2017-இல் நின்றது. வெளியே கூடுவது குறைந்தது உண்மை. ஆனால் அந்த ரசனை செத்துவிடவில்லை, கட்டடங்களுக்குள் போயிருக்கிறது. லாஃபோரேவின் மாடிகளில், ஊழியர்களே அந்த உடையில் நிற்பார்கள். எந்தப் பாவாடைக்கு எந்தச் சட்டை என்று கேட்டால் ஆசையாகச் சொல்லிக் கொடுப்பார்கள். அவர்களைப் படமெடுக்க விரும்பினால் "ஷாஷின் ஈ தெஸ் கா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் தூரத்திலிருந்து எடுப்பது அவர்களை மிகவும் புண்படுத்தும்.

தள்ளுபடிக்குப் போக நினைப்பவர்கள் ஜனவரியும் ஜூலையும் குறித்துக்கொள்ளுங்கள். லாஃபோரேவின் பெரிய தள்ளுபடி அந்த இரண்டு மாதங்களில்தான். புத்தாண்டில் விற்கும் 'ஃபுகுபுகுரோ' அதிர்ஷ்டப் பையில் உள்ளே இருப்பதைத் தேர்ந்தெடுக்க முடியாது. அளவு முக்கியம் என்பவர்களுக்கு அது வேண்டாம்.

கே: ஹராஜுகு விலை கட்டுப்படியாகவில்லை. பக்கத்தில் வேறு இடம்?
— பட்ஜெட் பயணி

பழைய துணிக்கு ஷிமோகிதாஸாவாவும் கோயென்ஜியும். ஷிபுயாவில் கெய்யோ இனோகாஷிரா ரயிலில் எக்ஸ்பிரஸ் ஏறினால் ஷிமோகிதாஸாவா முதல் நிறுத்தமே. கடைகள் மதியம்தான் திறக்கும்; பன்னிரண்டு மணிக்கு முன் போய் வீணாகக் காத்திருக்காதீர்கள். கோயென்ஜி இன்னும் அமைதியானது. ஷின்ஜுகுவிலிருந்து சூஓ பாதையில் போக வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் ஆரஞ்சு நிறக் கோடு போட்ட விரைவு ரயில் கோயென்ஜியில் நிற்காது. மஞ்சள் கோடு போட்ட சூஓ–சோபு உள்ளூர் ரயிலில் ஏறுங்கள்.